வேட அணிகலன் செய்யத் தொடங்குவோர்க்கு

எம்பெருமானுக்குச் சாற்றப்பெறும் திருவாபரணம் வேறு. எம்பெருமானின் வேடம் தரிக்கும் ஒருவர் பூணும் அணிகலன் வேறு. முன்னது பொன்னும் மணியும் கொண்டு பொற்கொல்லரால் சமைக்கப்படுவது. அதன் எடையை ஏற்பது அர்ச்சைத் திருமேனி. பின்னதன் எடையை ஏற்பதோ பல சமயங்களில் எட்டு வயதுச் சிறுவனின் கழுத்து. இந்த வேற்றுமையை மனத்திற் கொள்ளாமல் வேடம் புனைவதால்தான், மேடையேறிய பாலராமன் இரண்டாம் காட்சிக்குள் கிரீடத்தைக் கழற்றச் சொல்லி அழ நேர்கிறது.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கம்ப வடிவில் சேவை சாதிக்கிறார். திருமுகமோ திருக்கரங்களோ வடிக்கப்படாத அக்கற்கம்பத்தின் முன் நின்று, திருமுடியையும் மகர குண்டலத்தையும் பாகவதர்கள் மனத்தால் சாற்றிச் சேவிக்கின்றனர். ஸ்ரீராமநவமியை ஒட்டி அங்கே பெருவிழா நிகழும் காலமே, ஊர்தோறும் இராம நாடகம் ஆடுவதற்கும் பிள்ளைகளுக்கு வேடமிடுவதற்கும் உரிய காலமாகும். நாடகத்தைப் பார்ப்பவரோ கம்பத்தைச் சேவிப்பவர் போன்றவர் அல்லர். அவர் பந்தலின் கடைக்கோடியில் அமர்ந்திருக்கிறார்; கண்ணுக்குப் புலப்படுவதையே நம்புகிறார்.

இன்று பெரும்பாலும் வேட அணிகள் வாடகைப் பெட்டியில் வருகின்றன. பெட்டியில் கிரீடம், பதக்கம், புஜகீர்த்தி, ஒட்டியாணம் எல்லாம் உண்டு. கதை மட்டும் இல்லை. தசரதனுக்கும் இராவணனுக்கும் வனவாசம் செல்லும் இராமபிரானுக்கும் ஒரே கிரீடம் மாறிமாறி ஏறுகிறது. சக்கரவர்த்தித் திருமகனோ குகனைக் கண்ட இடத்திலேயே ஆலம்பால் கொணர்வித்துச் சடை புனைந்தவர். நந்திக்கிராமத்தில் பரதாழ்வானுக்கும் சடைதான். ஆகவே பட்டாபிஷேக நாளன்றிப் பிற நாள்களில் இராமபிரானுக்குக் கிரீடமே வேண்டியதில்லை. இதைக் கவனித்தால் செலவும் குறையும். இறுதி நாளில் கிரீடம் ஏறும்போது அதற்கு ஒரு பொருளும் பிறக்கும். சொந்தக் கையால் அணி செய்வதன் பெரும்பயன் இதுவே, சிக்கனம் அடுத்தபடியே.

புதிதாகத் தொடங்குவோர் கிரீடத்திலிருந்து தொடங்குதல் கூடாது. ஸ்ரீராமாயணத்தில் கதையை நடத்தும் அணிகலன்கள் மூன்று. முதலாவது, பிராட்டி தம் நகைகளில் சிலவற்றை மேலாடைத் துண்டில் முடிந்து வானரர் நடுவே போட்ட முடிப்பு. சுக்கிரீவ மகாராஜர் அதைக் கொணர்ந்து காட்டியபோது, தோள்வளையையும் குண்டலத்தையும் அறியாத இளையபெருமாள் நாள்தோறும் வணங்கிய திருவடிச் சிலம்புகளை மட்டும் அடையாளம் கண்டார். இரண்டாவது, திருநாமம் பொறித்த கணையாழி. மூன்றாவது சூடாமணி. இம்மூன்றும் சரியாக அமைந்தால் மற்றவை சற்றுக் குறைந்தாலும் நாடகம் நிற்கும்.

நுணுக்கமான செய்தி ஒன்று இங்குண்டு. அசோகவனத்தில் சிறிய திருவடி பிராட்டியைக் கண்டபோது, மலைமேல் விழுந்த நகைகள் அங்கில்லை என்பதையும், விழாதவை இருக்கின்றன என்பதையும் ஒப்பிட்டுத் தெளிந்ததாக வான்மீகி முனிவர் கூறுகிறார். எனவே பிராட்டியின் அணிகளை முடிப்பிற்குரியவை, எஞ்சியவை என இரு பகுதியாகவே செய்தல் வேண்டும். முடிப்பில் போன சிலம்பு சுந்தர காண்டத்தில் காலில் ஒலித்தால் சிறிய திருவடியின் ஆராய்ச்சியே வீணாகிவிடும். சூடாமணியும் அக்காட்சியில் தலையில் இருத்தல் ஆகாது. பிராட்டி அதை ஆடையில் முடிந்து வைத்திருந்தே எடுத்து அருளினார்.

முதற்பாடமாகச் சூடாமணியையே கொள்ளலாம். அது சிறியது, ஒரு வாரத்தில் முடியும், பிழைத்தால் அட்டைதான் நட்டம்.

பசையிலிருந்து தொடங்குக. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரவு முழுதும் ஊறவைத்து, மைபோல் அரைத்து, நீர் விட்டுக் கிளறிக் காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கும். அது இரண்டொரு நாளில் கெடும். ஆதலால் வேண்டிய அளவே காய்ச்சுக. பூச்சி அணுகாதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் அணியும் எதிலும் அது கலத்தலாகாது.

கெட்டி அட்டையில் நான்கு விரற்கடை நீளமுள்ள தாமரை மொட்டு வடிவை இரண்டு வெட்டி, முதுகோடு முதுகாக ஒட்டுக. கழுத்துப் பதக்கத்திற்கு ஒருபுறம் போதும்; கைமாறும் நகைக்கு இருபுறமும் வேண்டும். மெய்யான தலையணி இத்தனை பெரிதாய் இராதே எனச் சிலர் தயங்குவர். பந்தலின் கோடியில் இருப்பவர்க்கு இதுவே சிறிதாகத்தான் தெரியும். கணையாழியும் அவ்வாறே, அதன் முகப்பு ஒரு ரூபாய் நாணயத்திற்குக் குறையலாகாது.

வெட்டிய வடிவின்மேல் மெல்லிய காகிதத்தை மூன்று படலம் ஒட்டி, ஒவ்வொரு படலத்தையும் நிழலில் உலர்த்துக. வெயிலில் வைத்தால் அட்டை வளையும். பின்னர் முறுக்கிய பருத்தி நூலைப் பசையில் தோய்த்து இதழ்களின் விளிம்பிலும் நடுவிலும் பதித்துச் செல்க. பருத்தி விளையும் பெரம்பலூர்ச் சீமையில் நூலுக்குப் பஞ்சமில்லை. நூல் உலர்ந்ததும் அதன்மேல் இன்னொரு மெல்லிய படலம் ஒட்டினால், தட்டை அட்டையில் புடைப்பு வேலை தோன்றிவிடும்.

இந்நிலையில் பளபளப்புக்கு அவசரப்படாமல் ஒரு சோதனை செய்தல் வேண்டும். அதைக் கற்பிக்கவல்லது பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் திருவுருவங்களும் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் செதுக்கும் அவ்வூரின் மரச்சிற்பக்கலை 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வண்ணம் ஏறாத ஓர் அரும்பாவூர்ச் சிற்பத்தின் மார்பைப் பார்த்தால் பொன் இல்லை, கல் இல்லை. ஆயினும் ஆரமும் பதக்கமும் தெளிவாகத் தெரிகின்றன. வெட்டின் ஆழமும் அதில் விழும் நிழலும் அங்கே நகையைக் காட்டுகின்றன. ஆகவே செய்த சூடாமணி முழுவதற்கும் மஞ்சள் வண்ணம் ஒன்றையே பூசி, முப்பது அடி தொலைவில் வைத்துப் பார்க்க. மொட்டு மொட்டாகத் தெரிந்தால் மேலே செல்லலாம். தெரியாவிடில் எத்தனை கல் ஒட்டினாலும் அது மினுக்கும் கட்டியாகவே இருக்கும்.

மஞ்சள் பூசியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன்மேல் ஒட்டும் பொன்னிற ஜிகினாத் தாள் எங்கேனும் கிழிந்தாலும் வெள்ளை அட்டை பல்லிளிக்காது. தாளைப் பஞ்சால் அழுத்தி, மழுங்கிய குச்சியால் நூலின் இருமருங்கும் கீறிவிட்டால் கோலம் எழும். நடுவே பெரிய சிவப்புக் கல் ஒன்று, சுற்றிலும் வெண்முத்து. கண்ணாடிக் கல்லின் அடியில் ஜிகினாத் துண்டு வைத்துப் பதிக்க வேண்டும்; கல்லின் கீழே தகடு வைத்து ஒளியேற்றுவது பொற்கொல்லரின் பழைய உத்தி. இன்றைய வெண்ணிற மின்விளக்கின் கீழ்ப் பொன்தாள் வெளுத்துத் தோன்றும் ஆதலால், பொன்னைக் குறைத்துச் சிவப்பையும் பச்சையையும் சற்றுக் கூட்டுதல் நலம்.

இவ்வேலை கைவந்த பின்னரே கிரீடம். அதற்கு முன் அரியலூர்க் கோதண்டராம சுவாமி திருக்கோயிலுக்கு ஒருமுறை சென்று, தூண்களில் அமைந்த தசாவதாரச் சிற்பங்களைச் சேவித்து வருதல் நன்று. முடி எங்கே தொடங்குகிறது, தோள்வளை தோளிலா புயத்திலா, உதரபந்தம் இடைக்கு எவ்வளவு மேலே என்பனவற்றை ஏட்டில் குறித்துக்கொள்க. அச்சிட்ட படத்திலிருந்து நகலெடுப்பதைக் காட்டிலும் கல்லைப் பார்த்துக் கற்பது உறுதியானது. கல்லில் அணி உடம்பைச் சுற்றி வருவது தெரியும், படத்தில் தெரியாது.

வடமாவட்டத் தெருக்கூத்தர்கள் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் கல்யாண முருங்கை மரத்தில் குடைந்து, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் பதித்து அணிவர். பார்வைக்குப் பெரிது, எடைக்குச் சிறிது. இரவு முழுதும் சுழன்றாடுவோர்க்கு வேறு மரம் உதவாது. கல்யாண முருங்கையைத் தாக்கும் குளவியினம் ஒன்று 2004 ஆம் ஆண்டில் அறியப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டிலும் பரவியது. இலையிலும் தண்டிலும் முடிச்சு விழுந்து மரங்கள் நலிந்தன. புதிதாகத் தொடங்குவோர் மரத்தைத் தேடி அலையாமல் அட்டையும் காகிதக் கூழுமே கொள்ளலாம்.

கிரீடத்திற்கு அளவெடுக்கையில் வெறுந்தலையை அளப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் தலையில் துணி சுற்றி, அதன்மேல் நூலை ஓட்டி அளத்தல் வேண்டும். துணி வியர்வையை உறிஞ்சும். அட்டை நெற்றியை அறுக்காது. பிள்ளைகளுக்குக் கிரீடத்தின் உயரம் அவர்தம் முக நீளத்திற்கு மேற்படலாகாது. பின்புறம் அகன்ற துணிநாடா இரண்டு. ரப்பர் நாடா வேண்டா, ஆட்டத்தில் அது எகிறும். குண்டலத்தைக் காதில் மாட்டாமல் கிரீடத்தின் ஓரத்திலிருந்து செவியருகே தொங்கவிடுக. கம்பி முனை எதுவும் வெளியே நீட்டலாகாது. அணிந்தவர் தலையை ஆட்டி, குனிந்து, ஓடிக் காட்டிய பின்பே வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும்.

வேடமணிந்த குழந்தைக்குக் கற்பூர ஆரத்தி எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. காகிதமும் ஜிகினாவும் நொடியில் பற்றிக்கொள்வன. தட்டைக் கையெட்டும் தொலைவிற்கு அப்பாலேயே சுற்றுதல் வேண்டும். அருகில் ஒரு வாளி நீரும் இருத்தல் வேண்டும். பக்தி மிகுந்த இடத்தில் இதைச் சொல்லத் தயங்குவோர் உளர், தயங்குதல் கூடாது.

ஸ்ரீஜெயந்தியில் கண்ணன் வேடமிடுவோர்க்குப் பாதி வேலைதான். அங்கே குழந்தையே செய்யத்தக்க அணி ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் அட்டையில் வெட்டிப் பொன்தாள் ஒட்டிக் கயிற்றில் கோத்தால் போதும். தமிழ்நாட்டுக் குழந்தைகள் காப்பாகப் பூண்ட தொன்மையான அணி அது. கதை கோணலாக வந்தாலும் திருத்தற்க. மதனகோபாலன் சந்நிதியில் அக்கோணல் பிழையாகாது.

நாடகம் முடிந்ததும் அணிகளை அப்படியே மூட்டை கட்டுதல் ஆகாது. உள்துணியை அவிழ்த்துத் துவைத்து, அட்டையை ஓரிரவு காற்றாட விட்டு, உலர்ந்த வேப்பிலையோடு தகரப் பெட்டியில் அடுக்குக. பிராட்டியின் முடிப்பு நகைகளை மட்டும் தனியே, அந்த மேலாடைத் துண்டிலேயே முடிந்து வைத்திடுக. அடுத்த ஆண்டு கிட்கிந்தைக் காட்சிக்கு அவற்றைத் தேடவேண்டியிராது.