‘பார்க்கலாம்’ என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?

“கிராம சபை எந்தெந்த நாள்களில் கூடும்?” என்று கேட்டால் எங்கள் ஆறாம் வகுப்பில் எல்லாக் கைகளும் உயரும். “போன முறை நம் ஊரில் கூடியபோது என்ன பேசினார்கள்?” என்று கேட்டால் ஒரு கையும் உயராது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை என் கையும் உயர்ந்திருக்காது. உள்ளாட்சி அமைப்பு பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒரு கிராம சபையில்கூட உட்கார்ந்ததில்லை. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

பாடம் மூன்றாம் பருவத்தில் வருகிறது. அதில் ஒரு வசதி உண்டு. ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய இரண்டு கிராம சபைகளும் அந்தப் பருவத்துக்குள்ளேயே விழுகின்றன. (முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்கள்தான். 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறாயின. பழைய குறிப்பேட்டை வைத்து நடத்துபவர்கள் கவனிக்க.) முதல் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பேசலாம், பேசியதை வைத்துக்கொண்டு இரண்டாவது கூட்டத்துக்குப் போகலாம். நான் செய்தது அவ்வளவுதான். முதல் முறை தோற்றோம். அந்தத் தோல்வியிலிருந்து பிறந்த செயல்பாடுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்று குறைகள்

ஜனவரி முதல் வாரத்தில், “உங்கள் தெருவில் என்ன குறை?” என்று ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். நாற்பத்து மூன்று குறைகள் வந்தன. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் கலங்கலாக வருகிறது, சாயங்காலம் பேருந்து வருவதில்லை, ரேஷன் கடையில் எடை குறைகிறது, நாய்த் தொல்லை, மழை பெய்தால் ஓடையைத் தாண்ட முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே முழுத்தாளில் வரிசையாக எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒரு தாயிடம் கொடுத்தோம். எழுத்துப் பிழைகளையெல்லாம் நானே திருத்தி, வாக்கியங்களையும் சீராக்கினேன். இது நான் செய்த முதல் தவறு. மனு ஆசிரியரின் மனுவாக மாறிவிட்டது.

ஜனவரி 26 அன்று தலைமையாசிரியரின் அனுமதியோடும், பெற்றோரின் சம்மதத்தோடும், பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அந்தத் தாய் எழுந்து நாற்பத்து மூன்றையும் மூச்சுவிடாமல் படித்தார். இருபதாவது குறையில் பின்வரிசையில் பேச்சுச் சத்தம் தொடங்கிவிட்டது. முடித்ததும் தலைவர், “எல்லாம் பார்க்கலாம்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். கைதட்டினார்கள். ஆசிரியராக எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், ‘பார்க்கலாம்’னு தீர்மானப் புத்தகத்துல எப்படி எழுதுவாங்க?”

என்னிடம் பதில் இல்லை. ஊராட்சிச் செயலரிடம் கேட்டேன். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அன்றைய தீர்மானங்களில் எங்கள் நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. “யாரும் தீர்மானமாப் போடச் சொல்லலியே டீச்சர்” என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. நாங்கள் குறை சொன்னோம், தீர்மானம் கேட்கவில்லை.

யாருடைய வேலை?

அடுத்த வாரம் அந்த நாற்பத்து மூன்று துண்டுத்தாள்களையும் மறுபடி கலைத்துப் போட்டோம். கரும்பலகையில் கட்டம் வரைந்து, ஒவ்வொரு குறையையும் யார் தீர்க்க வேண்டும் என்று பிரித்தோம். இரண்டு பாடவேளை என்று நினைத்தேன். ஐந்து பாடவேளை ஆயிற்று. ஏனென்றால் பாதிக்கு எனக்கே விடை தெரியவில்லை. பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்தார்கள், நான் செயலரிடமும் மின்வாரிய ஊழியரிடமும் கேட்டு வந்தேன்.

தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியாவிட்டால் அது ஊராட்சியின் வேலை. கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியத்தின் வேலை. தண்ணீரும் அப்படித்தான். எங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டி வரைக்கும் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு விடுவதும் தொட்டியைக் கழுவுவதும் ஊராட்சி. ஆகவே “தண்ணீர் வரவில்லை” என்பது ஒரு குறை அல்ல. “தொட்டிக்கே வரவில்லையா, தொட்டியில் இருந்தும் எங்கள் தெருவுக்கு வரவில்லையா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் யாரிடம் போவது என்று முடிவு செய்ய முடியும். பேருந்து, போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. சாலைகளில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று மூன்று வகை. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே தார்தான்.

பிரித்து முடித்தபோது கிராம சபையில் நேரடியாகத் தீர்க்கக்கூடியவை பதினாறு மட்டுமே மிஞ்சின. மற்றவற்றுக்கு, ‘இன்ன துறையைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று சபை தீர்மானம் போட்டு அனுப்பலாம்; இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். இந்தக் கட்டத்தை ஒருமுறை வரைந்த பிள்ளைக்கு மூன்றடுக்கு ஊராட்சி அமைப்பைத் தனியாக நடத்த வேண்டிய தேவையே இருக்காது.

பதினொரு பெயர்கள்

எதை முதலில் எடுத்துப் போவது என்று வாக்கெடுப்பு நடத்தினோம். தெருவிளக்கு ஜெயித்தது. அப்போது ஓடை பற்றி எழுதிய மாணவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று மாலை வருகைப் பதிவேட்டில் மாத முடிவுக் கணக்குப் போடும்போது என் கண்ணில் ஒன்று பட்டது. நவம்பர் மாதம் மழை பெய்த ஆறு நாள்களில் வராதவர்கள் என்று நான் சிவப்பு மையில் எழுதிய பெயர்கள் ஏறக்குறைய எல்லா நாளும் ஒரே பதினொரு பெயர்கள். எல்லோரும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்பின் பிள்ளைகள். எத்தனையோ ஆண்டுகளாக என் கையாலேயே எழுதி, கூட்டிப் போட்டு, மேலே அனுப்பிய கணக்கு அது. ‘ஒழுங்காக வராத பிள்ளைகள்’ என்று அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் பெயர்களைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு மறுபடி வாக்களித்தது. ஓடைக்குச் சிறுபாலம் என்பது முதலிடத்துக்கு வந்தது.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. ஜனவரி 26 கூட்டம் நடப்பது உங்கள் தெருவில் முன்கூட்டியே யாருக்குத் தெரிந்திருந்தது என்று பிள்ளைகள் வீடுவீடாகக் கேட்டு வந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் மிகச் சில வீடுகளில்தான். காரணத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்: ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஓடையைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டது.

குடவோலை முறையை நாம் எல்லோரும் ஆர்வமாக நடத்துகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட வரி செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. இன்றைய கிராம சபைக்கு ஒரே தகுதிதான்: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் கொடுத்தது அதை. ஓடைக்கு அந்தப் பக்கத்து மூதாட்டியும் அந்தச் சபையின் உறுப்பினர், தலைவரும் உறுப்பினர். உறுப்பினருக்குக் கூட்டம் நடப்பதே தெரியாமல் போனால் தகுதி இருந்து என்ன?

வகுப்பறைச் சபை

பிறகு வகுப்பில் ஒரு மாதிரிக் கிராம சபை நடத்தினோம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்குக் குறைவெண் வரம்பு 100 பேர் (500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 501 முதல் 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300). வகுப்பில் அதைப் பத்தாகக் குறைத்துக்கொண்டோம். தலைவர், செயலர், வார்டு உறுப்பினர்கள், மக்கள் என்று பிரிந்து உட்காரச் சொன்னேன். யாரும் சொல்லாமலேயே குடியிருப்புப் பிள்ளைகள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். நாள்தோறும் என் வகுப்பில் கலந்து உட்காருகிற பிள்ளைகள்தான். ‘கிராம சபை’ என்றதும் இடம் மாறிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அதே நாடகத்தை வட்டமாக உட்காரவைத்து நடத்தினேன்.

தலைவராக நடித்த மாணவன்தான் அதிகம் கற்றுக்கொண்டான் என்று நினைக்கிறேன். கிராம சபையில் வரவு செலவு விவரத்தைப் படிவம் 30இல் வைப்பார்கள். செயலரிடம் ஒரு நகல் வாங்கிவந்து கணக்குப் பாடவேளையில் கூட்டிக் கழித்தோம். மின்கட்டணம், தூய்மைப் பணியாளர் ஊதியம், மோட்டார் பழுது எல்லாம் போக மிச்சம் என்ன என்று பார்த்ததும், “டீச்சர், தலைவர் ‘பார்க்கலாம்’னு சொன்னது பொய் இல்ல போல, காசே இல்ல” என்றான் அவன். பாலம் ஊராட்சியின் பணத்தில் ஆகாது, ஓடை குறுக்கிடுவது ஒன்றியச் சாலையில், எனவே ஒன்றியத்தைக் கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வகுப்பே வந்து சேர்ந்தது.

மனுவை இந்த முறை பிள்ளைகளே சொல்ல, அந்தத் தாயே எழுதினார். ஐந்து வாக்கியங்கள்: எந்த இடம், என்ன நிலை, எப்போதிலிருந்து, யாருக்குப் பாதிப்பு, சபை என்ன தீர்மானிக்க வேண்டும். ஆறு மழை நாள்கள், பதினொரு பிள்ளைகள் என்ற எண்கள் நான்காவது வாக்கியத்தில் இருந்தன. ‘ஓடையை’ என்பதற்கு ‘ஓடய’ என்று எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை.

செயலரிடம் கேட்டுக்கொண்டதில், மார்ச் 22 கூட்ட அறிவிப்பை ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரிலும் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டினார். கூட்டத்தில் அந்தத் தாய் ஐந்து வாக்கியங்களையும் படித்தார். தலைவர் பழக்கத்தில், “பார்க்கலாம்மா” என்றார்.

“பாருங்கய்யா. அதோட, அத எழுதிக்கவும் சொல்லுங்க. ஒன்றியத்துக்கு அனுப்பணும்னு தீர்மானமாப் போடுங்க” என்றார் அவர். செயலர் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் சபையின் உறுப்பினர்கள் அல்லர். பிள்ளைகள் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம். பேச வேண்டியவர்கள் பெற்றோர். பிள்ளையை எழுப்பிப் பேசவைத்தால் படம் நன்றாக வரும், ஆனால் நாளை அந்த வீட்டுக்கு வரும் சங்கடத்தை நாம் தாங்கப்போவதில்லை. கட்சிப் பேச்சு வகுப்புக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “நமக்கு எதுக்குங்க வம்பு?” என்று உடன் பணியாற்றுவோர் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளில் பணியாற்றுபவர்களுக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. இதே செயல்பாடுகளை அதற்கும் வைத்துக்கொள்ளலாம். பொறுப்புக் கட்டம் இன்னும் கொஞ்சம் சிக்கலாக இருக்கும், அவ்வளவே. தீர்மானத்தின் நகல் கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இது பத்தாம் வகுப்புக்கு நல்ல எழுத்துப்பயிற்சி.

பாலம் இன்னும் வரவில்லை. ஜூன் மாதம் ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்துவிட்டுப் போனார். மழைக்கு முன்பு இரண்டு சிமென்ட் குழாய்களைப் போட்டு மேலே மண் கொட்டியிருக்கிறார்கள். சிறு மழையைத் தாங்குகிறது. பெருமழை பெய்த இரண்டு நாள் மட்டும் சிவப்பு மையில் எழுத வேண்டியிருந்தது. நவம்பர் 1 கூட்டத்துக்கு அந்தத் தாய் தீர்மான நகலைப் பாலித்தீன் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். கேள்வி கேட்ட மாணவி இப்போது ஏழாம் வகுப்பு. கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த வேலை அல்ல அது.