நரம்பு வலி மாத்திரையும் அளவறிந்து உண்ணும் முறையும்

நோய் கண்டால் மருந்து செய்துகொள்ள வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுவது மட்டும் மருந்து செய்துகொள்வதாகாது. எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் உண்பது என்று தெரிந்து நடப்பதே முழு வைத்தியம். ஆகவே இம்மாதச் சுகாதாரப் பாடமாக அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையைப் பற்றி அறிந்துகொள்வோம்.

இது 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பின்னர் நரம்பு வலியையும் தணிப்பதாகக் கண்டார்கள். நீரிழிவினால் பாதம் எரிவது, ஊசி குத்துவது போல் வலிப்பது, அக்கி ஆறிய பிறகும் வலி நீங்காதிருப்பது ஆகியவற்றுக்கு டாக்டர்கள் இதனைக் கொடுப்பதுண்டு. நரம்புகள் மூளைக்கு அனுப்பும் வலிச் செய்தியை இம்மருந்து மட்டுப்படுத்துகிறது. எனவே, மருந்துத் தாளில் "மனச்சோர்வு" என்ற சொல்லைக் கண்டு, "எனக்கென்ன, மனநோயா?" என்று மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அளவிலேதான் நாம் முக்கியமாகக் கவனம் செலுத்த வேண்டும். மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் வரையிலும் கொடுப்பார்கள். வலிக்கோ, பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, உடல் தாங்குவதைப் பார்த்துச் சிறிது சிறிதாக உயர்த்துவார்கள். பலருக்கு 25 முதல் 75 மில்லிகிராமுக்குள் போதுமானதாகிவிடும். முதியவர்களுக்கு அதனினும் குறைவே போதுமாகலாம். மாத்திரைகள் 10, 25 என வெவ்வேறு அளவுகளில் வருகின்றன. ஆதலால், "ஒரு மாத்திரை" என்று நினைவில் வைக்காமல், "இத்தனை மில்லிகிராம்" என்று நினைவில் வையுங்கள். புதிய உறை கைக்கு வந்ததும் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். 10க்குப் பழகியவர் கவனியாமல் 25ஐ உண்டால், இரண்டரை மடங்கு உண்டவராவார்.

இது தலைவலி மாத்திரையைப் போல உடனே வேலை செய்வதன்று. குணம் தெரிய ஓரிரு வாரமாகலாம். முழுப் பயனுக்கு ஆறு வாரம் வரையிலும் பிடிக்கலாம். இன்றிரவு வலி மிகுந்ததென்று இரண்டாகப் போட்டுக்கொண்டால், வலி குறையாது, மயக்கமே மிகும். ஓர் இரவு மறந்துபோனால் அதை விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான அளவையே உண்ண வேண்டும்.

தூக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், எழும்போது தலைச் சுற்றல் ஆகியவை இம்மருந்தினால் வரக்கூடியவை. தஹஜ்ஜுதுக்கோ சுபுஹுக்கோ எழுகின்ற பெரியவர்கள் படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்து, பின்பு மெல்ல எழ வேண்டும். ஒளு செய்யும் ஈரத் தரையில் விழுந்து இடுப்பு முறிவது, கால் வலியினும் பெரிய துன்பமல்லவா? காலையிலும் மந்தம் தெளியவில்லையானால், மாத்திரையை முன்னிரவிலேயே உண்ணலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். மந்தம் தெளியும்வரை வாகனம் ஓட்டலாகாது.

ரமலானில் இதனைக் கையாள்வது பெரும்பாலும் கடினமன்று. இரவில் ஒரு வேளை உண்பதுதானே! ஆயினும் தராவீஹ் முடித்து, நள்ளிரவில் மாத்திரை உண்டு, ஸஹருக்கு எழுந்தால் மயக்கம் தெளிந்திராது. நேரத்தை எப்படி மாற்றுவதென்று ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும் மறக்க வேண்டாம்.

இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் தடைப்படும் புரோஸ்டேட் வீக்கம், வலிப்பு ஆகியவை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிரமடோல் என்னும் வலி மாத்திரை, வேறு மனச்சோர்வு மருந்துகள், தூக்க மாத்திரை, தூக்கம் தரும் சளி மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றையும் ஒளிக்காமல் தெரிவிக்க வேண்டும். உண்ணத் தொடங்கியபின், குறிப்பாக இளைஞருக்கு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் உடனே டாக்டரை நாட வேண்டும். அதைக் கூறுவதில் வெட்கமில்லை.

நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. "எனக்கு நன்றாகக் கேட்டது, நீங்களும் போட்டுப் பாருங்கள்" என்று நான்கு மாத்திரையை மடித்துக் கொடுப்போம். அன்பினால் செய்வதுதான். ஆனால் வாங்குபவரின் இதயம் எப்படிப்பட்டதென்று நமக்குத் தெரியுமா? இம்மருந்து அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே பறிக்கக்கூடியது. சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே ஆபத்தாகலாம். ஆகவே பூட்டிய அலமாரியில் வையுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் தோன்றினாலும், அறிகுறிக்காகக் காத்திராமல், சிங்கப்பூரில் 995ஐயும் மலேசியாவில் 999ஐயும் அழையுங்கள்.

வலி தணிந்துவிட்டதென்று திடீரென நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை வரலாம். கூட்டியது போலவே குறைப்பதும் படிப்படியாக, டாக்டரின் சொற்படி நடக்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே! உங்கள் பெற்றோரின் மாத்திரை உறையை இன்றே எடுத்து, அதிலுள்ள எண்ணை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வல்ல நாயன் நம் அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.