வெண்டைக்காயும் காத்திருப்பு நாளும்

பிள்ளைச்சாவடியில் எங்கள் பள்ளித் தோட்டத்து வெண்டையில் அசுவினி அப்பியிருந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தண்ணீர் பாட்டிலில் ஏதோ கொண்டுவந்து நீட்டினான். "அப்பா கொடுத்தாங்க சார், ஒரு மூடி கலந்தா போதுமாம்." என்ன மருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை. பாட்டிலை வாங்கிப் பூட்டிவைத்து, மாலையில் அவன் தந்தையிடமே ஒப்படைத்தேன். நஞ்சை நாம் "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

மறுநாள் அறிவியல் பாடவேளையில் ஒரு பூச்சிக்கொல்லிப் பெட்டியின் சீட்டைக் கரும்பலகையில் வரைந்தேன். சாய்ந்த சதுரம், அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத்தன்மையைச் சொல்லும். சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் தீங்கே இல்லை என்று பொருளல்ல. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் சீட்டில் பார்க்க வேண்டும். சீட்டில்லாத பாட்டிலில் இவை எதுவும் இல்லை.

இது வெறும் எச்சரிக்கை அல்ல என்று காட்ட, 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. காய்கறிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

பிறகு ஒரு கணக்கு கொடுத்தேன். காத்திருப்பு 7 நாள், வெண்டை பறிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள். எத்தனை பறிப்பு வீணாகும்? "மூணு சார்." பறிக்காமல் விட்டால் காய் முற்றிவிடும், பறித்தால் சமைக்க முடியாது. அடிக்கடி கிள்ளும் கீரைக்கும் இதே நிலைதான். ஆகவே பள்ளித் தோட்டத்தில் இரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டாம் என்பதே என் முடிவு.

மாற்றாக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டினோம். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வேம்பின் வீரியம் வெயிலில் குறையும் என்பதால், காய் பறித்த அன்று மாலை, கடற்காற்று அடங்கியபின் நானே தெளித்தேன். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், காற்றுக்கு முதுகு; பிள்ளைகள் தள்ளியே நின்றார்கள். அடுத்த பறிப்பில் காய்களை நன்றாகக் கழுவிய பிறகே சமையலுக்குக் கொடுத்தோம்.

அசுவினி முழுவதும் ஒழியவில்லை. மீதியைத் தின்னப் பொறிவண்டுகள் வந்தன. இப்போது அவற்றை எண்ணிப் பதிவேட்டில் குறிப்பது அந்த மாணவனின் வேலை.