தகரப் பொம்மையும் கடற்காற்றும்

விளையாட்டுப் பொருள் சிறிதேயாயினும், தன் காலத்துத் தொழிலையும் வாழ்வையும் காட்டவல்ல கண்ணாடியாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் புனைந்த சிறுதேரைப் புதல்வர் உருட்டி விளையாடும் காட்சி வருகின்றது. மரமாகிய அத்தேர் மக்கியது, சொல் நின்றது. அத்தொண்டை நாட்டுக் கடற்கரையூராகிய திருவிடந்தையில் வாழும் யான், அங்ஙனமே மறைந்துவரும் வேறொரு விளையாட்டுப் பொருளைப் பற்றிச் சில கூறப் புகுகின்றேன். அது மின்கலத்தால் இயங்கும் ஜப்பானியத் தகரப் பொம்மை.

1945ஆம் ஆண்டு உலகப்போர் முடிந்த காலை, ஜப்பான் பொருளிழந்து நின்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே கொசுகே மாட்சுஸோ என்பார் பழந்தகர டப்பாக்களைக் கொண்டு சிறு ஜீப் வண்டிகள் செய்தார். அவை கியோட்டோ நகரில் விற்பனையாயின. இங்ஙனம் தளிர்த்த தொழிலில், 1950க்குப் பின் மின்கலப் பொம்மைகள் தோன்றின. நொமுரா, மசுதாயா, யோனெஸாவா முதலிய நிறுவனத்தார் செய்த கரடிகளும், வண்டிகளும், இயந்திர மனிதரும் கடல் கடந்து சென்றன. பின்னர்ப் பிளாஸ்டிக் வந்து தகரத்தின் இடத்தைக் கவர்ந்தது. கிதஹாரா தெருஹிஸா என்னும் சேகரிப்பாளர் 1986இல் யோகோஹாமா நகரில் இப்பொம்மைகளுக்கென ஒரு காட்சிச்சாலையே நிறுவினார்.

இனி, இவற்றின் அமைப்பை நோக்குவாம். மெல்லிய எஃகுத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியதே தகரம். தட்டையான அத்தகட்டில் கல்லச்சு முறையால் வண்ணம் பதித்து, பின் அச்சிலிட்டு அழுத்தி வடிவாக்குவர். ஒரு பகுதியின் சிறு நாக்குகளை மற்றொன்றன் துளைகளிற் செருகி மடித்து இணைப்பர். உள்ளேயுள்ள சிறு மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, அவற்றால் உந்தப்படும் நெம்புகோல்கள் கையையும் தலையையும் அசைக்கும்.

எம் பாட்டனார் இளமையிற் சரக்குக் கப்பலிற் பணிசெய்தவர். அவர் யோகோஹாமாத் துறையில் வாங்கிவந்த, முரசு கொட்டும் கரடி ஒன்று எம் இல்லத்தில் உளது. யான் சிறுவனாயிருந்தபோது அதன் முகத்தில் துருக்கண்டு, வெண்கலம் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். துருவோடு கண்ணும் வாயும் அழிந்தொழிந்தன! அழுதுநின்ற என்னைப் பாட்டனார் சினந்திலர். "அழாதே ராசா, முரசு கொட்டும் கை இருக்கிறதே" என்றார். அன்று தொடங்கிற்று இவ்வாராய்ச்சி.

அறிந்தவை சில. வெள்ளீயப் பூச்சு கீறப்படின், அவ்விடத்து இரும்பு பூச்சில்லா இரும்பினும் விரைந்து அரிக்கப்படும். உப்பீரம் அதனை மேலும் விரைவிக்கும். எனவே நம் கடற்கரையில் திறந்த அலமாரி ஆகாது. மூடிய பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்தல் நன்று. நீரும் புளியும் விலக்கி, உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்க. விளையாடி முடிந்தபின் மின்கலத்தை எடுத்துவிடுக. கலத்தின் துத்தநாக ஓடு கரைந்து உட்பொருள் கசியின், தொடுதகடுகள் கெடும். மங்கிய வண்ணத்தின்மேல் புதுவண்ணம் பூசுதலும் தகாது. பழைய அச்சே அப்பொருளின் சான்று. பொம்மை வந்த அட்டைப்பெட்டியும் எறிதற்குரியதன்று. அதன்மேலுள்ள படமும் பெயரும் வரலாறேயாம்.

சேகரித்தலென்பது மிகுதியாக வாங்கிக் குவித்தலன்று. கைக்கு வந்ததைக் கெடாது அடுத்தவர் கையிற் சேர்த்தல். பாட்டனாருக்கு இன்று பார்வை குறைந்தது. மாலைதோறும் மின்கலமிட்டுக் கரடியை அவரருகே வைப்பேன். முகமிழந்த அது முரசு கொட்டும்; அவர் கேட்டு மகிழ்வார். மாணவ நண்பர்காள், நும் இல்லத்துப் பரணிலும் இத்தகைய தொன்று இருத்தல் கூடும். துலக்குமுன் சற்றே பொறுத்துப் பார்மின்.