பழைய வீட்டைப் புதுக்குதல்: மைசூர் அக்ரஹாரத்து வீடுகள் கற்பிக்கும் பாடம்

வெற்று மனையில் வீடு கட்டுவது ஒரு வேலை. இரண்டு மூன்று தலைமுறையினர் வாழ்ந்த வீட்டை இன்றைய தேவைகளுக்கேற்ப மாற்றியமைப்பது முற்றிலும் வேறான வேலை. முன்னதில் நிபுணர் தம் எண்ணத்தை வரைபடமாக்கி அதன்படி கட்டுகிறார். பின்னதில் அவர் வருமுன்பே வீடு அங்கு நிற்கிறது. அதன் சுவர் எதனால் ஆனது, பளு எவ்வழியே தரைக்கு இறங்குகிறது, நீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பவற்றை அறியாமல் ஒரு செங்கல்லைப் பெயர்த்தாலும் கேடு விளையலாம்.

இது வெறும் அழகைப் பற்றிய விஷயமன்று. உயிரைப் பற்றியதும் ஆகும். மைசூர் நகரில் 1892-இல் எழுந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டு மாதத்தில் சரிந்து நால்வர் உயிரிழந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில், அதற்கு அண்மையிலுள்ள தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாயிற்பகுதியும் சரிந்தது. இவை பொதுக் கட்டடங்களாதலால் செய்தியாயின. இவற்றைப் போன்றே சுண்ணாம்புக் காரையாலும் மரக்கட்டைகளாலும் ஆன வீடுகள் அதே நகரின் தெருக்களில் இன்றும் பல உள்ளன. அவற்றில் மக்கள் குடியிருக்கின்றனர்.

அக்ரஹாரத்து வீட்டின் அமைப்பு

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே, இராமானுஜ வீதியையும் வாணிவிலாஸ் மார்க்கெட்டையும் உள்ளடக்கிய பகுதி அக்ரஹாரம் எனப்படுகிறது. இல்லத்தில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பங்கள் பல மைசூரில் நெடுங்காலமாக வாழ்ந்து வருவதால், இவ்வீடுகளின் அமைப்பு தமிழ்நாட்டு வாசகருக்கும் அந்நியமானதன்று. தெருவை ஒட்டித் திண்ணை. அதனைக் கன்னடத்தில் ஜகலி என்பர். அதனைக் கடந்தால் ரேழி. பின்னர் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். அதன் பின் கூடம், சமையலறை, கிணறு, கொல்லை. முற்றமுள்ள இத்தகைய வீட்டைக் கன்னடத்தார் தொட்டி மனெ என அழைக்கின்றனர்.

இங்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அடுத்தடுத்த வீடுகள் பலவற்றிற்குப் பக்கச் சுவர் பொதுவானது. ஆகவே ஒருவர் தம் வீட்டில் செய்யும் மாறுதல் அண்டை வீட்டாரையும் தொடும். இரண்டாவது, பக்கங்களில் சாளரம் வைக்க இடமில்லாமையால் ஒளியும் காற்றும் பெரும்பாலும் முற்றத்தின் வழியாகவே வருகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து வீட்டின் காற்றோட்டமும் கழிவுநீர் வடிகாலும் அரசின் கவனத்துக்கு வந்தன. 1903-இல் மைசூரில் நகரச் சீரமைப்பு வாரியம் நிறுவப்பட்டது. சாமராஜபுரம், லக்ஷ்மிபுரம் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. வீடுகளின் பின்புறத்தே துப்புரவுச் சந்துகள் விடும் முறையும் பரவியது. இச்சந்து இன்று வீட்டைப் புதுக்குவோருக்கு எவ்வாறு உதவுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சுண்ணாம்புச் சுவரின் இயல்பு

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதனை நீர்விட்டு நீற்றி மணலுடன் அரைத்தால் காரையாகிறது. சுவரில் பூசப்பட்ட காரை, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. இம்மாற்றத்திற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியைச் சேர்த்தால் காரை ஈரத்திலும் இறுகும் தன்மையைப் பெறுகிறது. மைசூருக்கு அருகே 1911-இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணராஜ சாகர் அணை, சிமெண்டை நம்பாமல் சுர்க்கிக் காரையைக் கொண்டே கட்டப்பட்டது. எனவே சுண்ணாம்பு வலுவற்ற பொருள் என்னும் எண்ணம் தவறானது.

எனினும் அதன் வலிமை வேறுவகைப்பட்டது. சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் மிகுதி. பழைய அஸ்திவாரங்களில் ஈரத்தடுப்புப் படலம் பெரும்பாலும் இல்லாமையால், திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல் மண்ணின் ஈரம் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை ஆவியாக வெளியேற்றிவிடுகிறது. ஏறுவதும் வெளியேறுவதும் சமநிலையில் இருக்கும்வரை சுவர் நலமாயிருக்கும். மேலும், சுண்ணாம்புக் காரை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மண் சிறிது அமிழ்ந்தாலும் சுவர் பெரிதும் வெடிப்பதில்லை.

இத்தகைய சுவரின்மேல், பூச்சு உதிர்கிறது என்ற காரணத்தால், சிமெண்ட் பூசினால் என்ன நிகழும்? சில மாதங்கள் சுவர் பளிச்சென்று தோன்றும். ஆனால் ஈரம் வெளியேறும் வழி பெரிதும் அடைபட்டுப் போகிறது. அது பூச்சு இல்லாத உயரத்தைத் தேடி மேலும் ஏறுகிறது. ஈரத்துடன் வந்த உப்புக்கள் சிமெண்ட் பூச்சின் பின்னே படிகமாகி, மிருதுவான பழைய செங்கல்லைப் பொடியாக்குகின்றன. இறுதியில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. அதனுடன் செங்கல்லின் முகமும் பெயர்ந்து வருகிறது. ஈரம் மச்சுக்கட்டையின் நுனிவரை ஏறுமானால் தீங்கு இன்னும் பெரிது. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கடந்து நீடித்தால் பூஞ்சணம் பற்றி உளுக்கத் தொடங்கும். சுவருக்குள் புதைந்த நுனி உளுப்பது வெளியே தெரியாது. சுவரைப் புதுக்கியதாக எண்ணிய குடும்பத்தினர், தம்மையறியாமலே தலைக்கு மேலுள்ள மச்சை வலுவிழக்கச் செய்துவிட்டனர் என்பதே இதன் பொருள்.

மச்சும் பளுவின் கணக்கும்

இப்பகுதியில் மங்களூர் ஓட்டுக் கூரைகளும் மதராஸ் டெரஸ் எனப்படும் மட்டப்பாக்களும் காணப்படுகின்றன. மட்டப்பாவில் தேக்குக் கட்டைகளைச் சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்துக்கல்லாக நிறுத்துவர். அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைப் பரப்பிப் பல நாட்கள் தட்டி இறுக்கி, தட்டோடு பதிப்பர். இம்முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு தனியொரு விதித்தொகுப்பே வெளியிட்டுள்ளது.

முழுக் கனமும் 20 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 380 கிலோகிராம் எடை கட்டைகளின்மேல் நிற்கிறது. மழை ஒழுகுகிறது என்று அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் சிமெண்ட் கலவை பூசினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 50 கிலோகிராம் கூடும். நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவுள்ள கூடத்தின்மேல் அது ஒரு டன் ஆகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை பழையதை அகற்றாமல் பூசிக்கொண்டே போனால் முப்பது ஆண்டுகளில் மூன்று டன். ஆயிரம் லிட்டர் நீர்த்தொட்டியை வைத்தால் இன்னுமொரு டன். அதுவும் ஓரிரு கட்டைகளின்மேல் மட்டுமே. கட்டைகளோ இதற்கிடையில் வயதாகி, நுனி உளுத்திருக்கலாம்.

இனி, நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டு சிற்றறைகளை ஒரு பெருங்கூடமாக்க வேண்டும் என்பது பலரின் விருப்பம். சுவரின் இருபுறமும் இரண்டரை மீட்டர் இடைவெளி எனக் கொள்வோம். சுவர் நீங்கியபின் ஒரே கட்டை ஐந்து மீட்டரைத் தாங்கவேண்டும். இடைவெளி இரட்டித்தால் வளைதிருப்பம் நான்கு மடங்காகிறது. கட்டையின் தொய்வு பதினாறு மடங்காகிறது. மேலும், அவ்விடத்தில் இரு கட்டைகளின் நுனிகள் சந்தித்தால், சுவரை எடுத்தவுடன் அவை அந்தரத்தில் நிற்கும். எனவே எந்தச் சுவரும் பளு தாங்காத சுவர் என ஐயமறத் தெரியும்வரை அதனைப் பளு தாங்கும் சுவர் என்றே கொள்ளல் வேண்டும். எடுத்தே ஆகவேண்டுமாயின், முதலில் முட்டுக் கொடுத்து, எஃகு உத்திரத்தை அமைத்து, அதன் இரு முனைகளும் நிற்கும் சுவர்ப்பகுதிகள் அப்பளுவைத் தாங்குமா என்று பொறியாளர் கணித்த பின்னரே எடுத்தல் வேண்டும்.

முற்றத்தை மூடலாமா?

பாகப்பிரிவினையின்போது முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்புவதும், இடம் போதாமையால் முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடுவதும் வழக்கமாகிவிட்டன. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, தெருவாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும் புதுக்காற்று உள்ளே வரும். மேல்வழி அடைபட்டால் இவ்வோட்டம் தளர்கிறது. சமையலறையின் ஆவியும் குளியலறையின் ஈரமும் வீட்டினுள்ளேயே தங்குகின்றன. பகலிலும் விளக்கெரிய நேர்கிறது.

திருட்டு, குரங்கு, மழைச்சாரல் ஆகியவற்றால் முற்றத்தைத் திறந்து வைக்க இயலாது என்னும் குடும்பத்தாரின் குறையும் நியாயமானதே. தேர்ந்த நிபுணர் இதனை மறுப்பதில்லை. முற்றத்தின் மேல் கம்பி வலையிட்டு, அதற்கு மேலே சற்று உயர்த்திக் கண்ணாடிக் கூரை அமைத்து, இடையில் நாற்புறமும் காற்றுப்பலகைகளைப் பொருத்துகிறார். மழை தடைபடும், காற்றும் ஒளியும் தடைபடா. கூரைநீரைக் குழாய் வழியே கிணற்றருகே சேர்க்கவும் இயலும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் மைசூரில், 20 சதுர மீட்டர் கூரையின்மேல் ஓராண்டில் விழும் நீர் 16,000 லிட்டர் என்பதை நினைவிற்கொள்க.

நிபுணர் கைக்கொள்ளும் வரிசை

1. கேட்டறிதல்: வீட்டில் யார் யார் உள்ளனர், முதியோர் எத்தனை பேர், இன்னும் பத்தாண்டில் யார் இருப்பர் என்று கேட்டறிதல். பெரிய கூடம் வேண்டும் எனத் தொடங்கும் குடும்பத்தின் உண்மைத் தேவை, பாட்டியார் படியேறாமல் சென்று வரக்கூடிய ஒரு கழிப்பறையாக இருக்கலாம்.

2. அளந்து வரைதல்: ஒவ்வொரு சுவரின் கனம், கட்டைகளின் திசை, தரைமட்ட வேறுபாடு ஆகியவற்றைக் குறித்தல். பழைய வீட்டில் மூலைகள் செங்கோணமாயிருக்கும் என நம்பலாகாது.

3. நோயறிதல்: மழைக்காலத்தில் ஒருமுறையும் வெயிற்காலத்தில் ஒருமுறையும் வீட்டைச் சுற்றிப் பார்த்தல். கட்டையின் நுனியைக் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தல். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவைத்தல். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் வளர்கிறது என்பது தெளிவு. உடையாவிடில் அது பெரும்பாலும் பழைய தழும்பே.

4. நீரை அடக்குதல்: கூரை ஒழுக்கு, வடிகால், குழாய்க் கசிவு ஆகியவற்றை முதலில் சரிசெய்தல். நீர் நிற்காத வீட்டில் வேறெந்தச் செலவும் வீணே.

5. உடலைச் செப்பனிடுதல்: உளுத்த நுனியை வெட்டி, இருபுறமும் எஃகுப் பட்டை வைத்துப் புது மரத்தைப் பிணைத்தல். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே பூசுதல்.

6. புது வசதிகள்: குளியலறையையும் கழிப்பறையையும் பழைய மச்சின்மேல் ஏற்றாமல், கொல்லைப்புறத்தில் தனி அஸ்திவாரத்தில் அடுக்காக அமைத்தல். பின்புறத்துப் பழைய துப்புரவுச் சந்து இருக்குமிடத்தில் கழிவுக்குழாயை அவ்வழியே கொண்டு செல்லலாம். குழாய் சமையலறையையும் கூடத்தையும் கடந்து செல்ல வேண்டியதில்லை.

7. இறுதியாகத் தரையும் வண்ணமும்: பெரும்பாலான குடும்பங்கள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதே வருந்தத்தக்கது.

மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை எதிர்பாராச் செலவிற்கென ஒதுக்குதல் நன்று. மச்சைத் திறக்கும்வரை உள்ளிருப்பதை எவரும் முழுதும் அறியார்.

அண்டை வீட்டார் இடித்துக் கட்டும்போது தனிக் கவனம் தேவை. பொதுச் சுவரின் அருகே அதன் அடிமட்டத்திற்குக் கீழே ஒரே வீச்சாகப் பள்ளம் தோண்டலாகாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு சிறு பகுதிகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, அடிக்கட்டு எழுப்பிய பின்னரே அடுத்ததைத் தொடுதல் முறை. களப்பணியாளர்கள் இதனை இரு வீட்டாருக்கும் எடுத்துரைப்பது பெரும் பயன் தரும்.

இடிப்பதா, காப்பதா?

எல்லாப் பழைய வீட்டையும் காத்தே ஆகவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சுவர் செங்குத்தினின்று பெரிதும் சாய்ந்து இன்னும் சாய்ந்துகொண்டிருந்தாலோ, கட்டைகளில் பெரும்பாலானவை உளுத்துப்போயிருந்தாலோ, குடியிருப்போரை உடனே வெளியேற்றுதலே முதற்கடமை. ஆனால் பழையது என்ற ஒரே காரணத்தால் இடித்தல் அறிவுடைமையன்று. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மைசூர் யாதவகிரியில் கட்டி வாழ்ந்த இல்லம் 2011-இல் இடிக்கப்படத் தொடங்கியது. பொதுமக்களின் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டு, வீடு செப்பனிடப்பெற்று, 2016-இல் நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. இடிப்பு தொடங்கிய வீட்டைக்கூட மீட்க இயலும் என்பதற்கு அது சான்று. புகழ்பெற்றோர் வாழாத வீட்டிற்கும் பழுதறியும் முறை ஒன்றே.

வகுப்பறைச் செயல்முறை

ஆசிரியர்கள் சுண்ணாம்பிற்கும் சிமெண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எளிதாகக் காட்டலாம். ஒரே சூளையில் சுட்ட இரண்டு செங்கற்களை எடுத்துக்கொள்க. ஒன்றின் மேல்முகத்தில் சுண்ணாம்புக் காரையையும் மற்றதில் செறிவான சிமெண்ட் கலவையையும் ஒரே கனத்தில் பூசி, ஒரு மாதம் இறுகவிடுக. பின்னர் இரண்டையும் ஒருநாள் நீரில் ஊறவைத்து, பூச்சுள்ள முகம் நீங்கலாக மற்ற ஐந்து முகங்களையும் துடைத்து உருகிய மெழுகால் மூடுக. இனி நாள்தோறும் ஒரே நேரத்தில் எடைபோட்டு வரைகட்டத்தாளில் குறித்து வருக. இரு கோடுகளில் சுண்ணாம்புச் செங்கல்லின் கோடு விரைவாகக் கீழிறங்குவதை மாணவர் தாமே காண்பர்.

அடுத்து, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் வரைபடத்தை அளந்து வரைந்து, மச்சுக்கட்டை எத்திசையில் ஓடுகிறது, எச்சுவர் அதைத் தாங்குகிறது, மழைநீர் எங்கே வடிகிறது என்று குறித்து வரச் செய்க. கட்டைகளைச் சுவருடன் இணைத்துக் குறிக்கும்போதே, எந்தச் சுவரைத் தொடலாகாது என்பது அவர்களுக்குப் புலனாகும். அவ்வரைபடத்தை வீட்டுப் பெரியோரிடமும் காட்டச் சொல்லுக. சுவரில் உளி வைக்குமுன் ஒரு பொறியாளரை அழைத்துக் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் அதனால் ஒரு வீட்டில் எழுமாயினும், அப்பாடம் பயனளித்ததாகும்.