வெடிமருந்தின் ஆயுளும் சேமிப்பும்

தோட்டாவில் நிரப்பும் மருந்து எத்தனை ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்னும் கேள்வி, படைக்கலக் கிடங்குகளிலும், சுடப்பட்ட தோட்டாக் கூடுகளில் மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்தும் வழக்கமுள்ள நாடுகளிலும் அடிக்கடி எழுவதாகும். இதற்கு ஒரே விடை கூற இயலாது. வெடிமருந்து எனப் பொதுவாக வழங்கப்படுவது இருவேறு பொருள்களைக் குறிக்கும். ஒன்று பழைய கரிமருந்து. மற்றொன்று புகையில்லா மருந்து. முன்னது வெளியிலிருந்து வரும் ஈரத்தால் கெடுகிறது. பின்னது தன்னுள்ளேயே நிகழும் மாறுதலால் கெடுகிறது. இவ்வேற்றுமையை உணர்ந்தால் சேமிப்பு விதிகள் எளிதில் விளங்கும்.

கரிமருந்தும் ஈரமும்

கரிமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு மரக்கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. இம்மூன்றும் சாதாரண உஷ்ணநிலையில் ஒன்றையொன்று தாக்குவதில்லை. ஆகவே, உலர்ந்த நிலையில் காற்றுப் புகாது மூடப்பட்ட கரிமருந்து தலைமுறை தலைமுறையாகக் கெடாதிருக்கும்.

ஈரம் பட்டால் நிலைமை மாறுகிறது. வெடியுப்பு நீரில் கரைந்து குருணையின் மேற்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியானபின், சுவரில் உப்புப் பூப்பதுபோல் வெண்மையாகப் படிகிறது. கரியும் கந்தகமும் உள்ளேயே தங்கிவிடுவதால் கலவை குலைகிறது. நமத்துப்போன மருந்தை உலர்த்தினால் ஈரம் நீங்குமேயன்றிக் குலைந்த கலவை மீளாது.

எனினும், பழைய கரிமருந்து யாவும் செயலற்றது எனக் கருதுவது பெருந்தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிவுற்றது. அப்போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று, 2008ஆம் ஆண்டில் விர்ஜீனியா மாநிலத்தில் துப்புரவு செய்யப்படுகையில் வெடித்து, அதனைக் கையாண்டவரின் உயிரைப் பறித்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழிந்தும் அம்மருந்து தன் வலிமையை இழக்கவில்லை.

புகையில்லா மருந்தின் உட்பகை

பஞ்சினை நைட்ரிக அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்தால் நைட்ரோ செல்லுலோஸ் உண்டாகிறது. இதனை 1846ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் அறிஞர் வெளியிட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பேவர்ஷாம் என்னுமிடத்தில் இதனைத் தயாரித்த ஆலை வெடித்துச் சிதறியது. நன்கு கழுவி அமிலத்தை நீக்கும் முறையைப் பின்னர் ஏபல் என்பவர் வகுத்தார். 1884ஆம் ஆண்டில் வியேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைக் கூழாக்கித் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தாக்கினார். நைட்ரோ கிளிசரினும் சேர்ந்த கார்டைட் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. நீலகிரியிலுள்ள அருவங்காட்டுத் தொழிற்சாலை இப்பொருளின் பெயராலேயே அறியப்படுகிறது.

எவ்வளவு தூய்மையாகச் செய்யப்பட்டாலும் நைட்ரோ செல்லுலோஸ் மிக மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். அச்சிதைவில் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிப்படுகின்றன. அவை ஈரத்துடன் கூடி அமிலமாகி, எஞ்சிய மருந்தையும் தாக்குகின்றன. சிதைவினால் பிறந்த பொருளே சிதைவை விரைவுபடுத்துகிறது. பெருங்குவியலாக இருப்பின் உண்டாகும் உஷ்ணம் வெளியேற வழியின்றிப் பெருகி, இறுதியில் மருந்து தானே தீப்பற்றும்.

இதனைத் தடுக்க, நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் டைபினைலமின் போன்ற நிலைப்படுத்தி சேர்க்கப்படுகிறது. அது சிதைவை அடியோடு நிறுத்துவதில்லை. வெளிப்படும் வாயுக்களைப் பற்றிக்கொண்டு, அவை மருந்தைத் தாக்காமல் காக்கிறது. அவ்வாறு காக்குந்தோறும் அது தானும் செலவாகிறது. நிலைப்படுத்தி தீரும் நாளே மருந்தின் ஆயுள் முடியும் நாளாகும்.

இவ்வுண்மை பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907ஆம் ஆண்டில் இயேனா என்னும் போர்க்கப்பலும், 1911ஆம் ஆண்டில் லிபர்ட்டே என்னும் போர்க்கப்பலும் வெடித்தன. முதல் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரும், இரண்டாவதில் இருநூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். சிதைந்த மருந்தே காரணம் எனக் கருதப்பட்டது.

ஆயுளை அளப்பது எங்ஙனம்?

உஷ்ணநிலை பத்து டிகிரி உயருந்தோறும் சிதைவின் வேகம் இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது. எனவே குளிர்ந்த அறையில் பல பத்தாண்டுகள் நிலைக்கும் மருந்து, தகரக் கூரையின் கீழ் அதிற் சிறு பகுதிக் காலமே தாங்கும். ஆண்டுக் கணக்கை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. கிடங்குகளில் நிலைப்படுத்தியின் எஞ்சிய அளவைக் குறித்த காலந்தோறும் சோதிப்பது இதனாலேயே.

கெட்ட மருந்து சில குறிகளால் வெளிப்படும். நல்ல மருந்தில் கரைப்பான்களின் மெல்லிய வாசனை இருக்கும். கெட்டதில் மூக்கைத் துளைக்கும் அமில நெடி எழும். கலத்தினுள் செம்பழுப்பு நிறப் புகையோ தூளோ காணப்படும். மூடியின் உட்புறம் துருப்பிடிக்கும். எனினும், குறி தோன்றாமையே நலத்திற்குச் சான்றாகாது.

சேமிப்பு விதிகள்

1. மருந்தை அதன் மூலக் கலத்திலேயே, இறுக மூடி வைத்தல் வேண்டும். பெயரும் நாளும் அழியலாகாது.

2. இடம் குளிர்ந்ததாயும் உலர்ந்ததாயும் இருத்தல் வேண்டும். வெயிலும், அடுப்பும், எண்ணெய் வகைகளும் அணுகலாகாது.

3. கனத்த இரும்புப் பெட்டியில் அடைத்தல் ஆகாது. தீப்பற்றின், வெளியேற வழியற்ற வாயு அப்பெட்டியையே குண்டாக்கிவிடும்.

4. பழையதையும் புதியதையும், ஒரு வகையையும் மற்றொரு வகையையும் கலத்தலாகாது. முதலில் வந்தது முதலில் செலவாதல் வேண்டும்.

களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

நம் நாட்டில் வெடிமருந்தை வைத்திருத்தலும் தயாரித்தலும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்திற்கும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்திற்கும் உட்பட்டவை. கோட்டை, குளம், பாழ்ங்கிணறு ஆகியவற்றில் பழைய குண்டு கிடைப்பின் அதனைத் தொடாமலும், கழுவாமலும், அசைக்காமலும் விட்டு, மக்களை விலக்கிக் காவல் நிலையத்திற்கு அறிவித்தல் வேண்டும். அதன் பழமையே அதற்கு அபயம் என எண்ணலாகாது.

வகுப்பில் வெடிமருந்தைக் கொண்டு எச்சோதனையும் செய்தல் கூடாது. செங்கல் துண்டு ஒன்றை உப்பு நீரில் ஊறவைத்து உலர்த்திக் காட்டினால் போதும். மேலே பூக்கும் வெள்ளை உப்பைக் கண்ட மாணவன், நமத்த மருந்து ஏன் மீளாது என்பதைத் தானே அறிந்துகொள்வான்.