மழையை அளக்கும் பிள்ளை

2016 மே 17ஆம் திகதி புளத்கொகுபிட்டியவிலும் அரநாயக்கவிலும் மண் சரிந்தது. அப்படி வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய பிள்ளை மழைச் சத்தம் கேட்டாலே கொப்பியை மூடிவிடும். பாடசாலை திறக்கும்வரை வீட்டில் படிக்கும் நாட்களில், அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்.

பக்கம் நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, புனல்போல் கவிழ்த்து வையுங்கள். அடிக்குழிவு மூடும்வரை தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள், அதுதான் பூச்சியம். லயக் கூரைத் தண்ணீர் விழாத வெளியில் கல் அணைத்து வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பிள்ளையே அடிமட்டத்தால் அளந்து, எழுதி, மேலதிக நீரை ஊற்றிவிடட்டும். ஒரு மில்லிமீற்றர் உயரம் என்றால் ஒரு மில்லிமீற்றர் மழை.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் இவை. இன்று 62 என்றால் 75க்கு இன்னும் எவ்வளவு? பிழையாகச் சொன்னால் ஏசாதீர்கள். "இன்னொருக்கா அளந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. மலையிலிருந்து வந்ததும் பிள்ளை அவருக்கு வாசித்துக் காட்டும், அன்றைய கொழுந்துக் கிலோவையும் கூட்டிச் சொல்லும்.

நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வெளியேறி, 117க்கு அழையுங்கள். கொப்பியைப் பிள்ளை பையில் வைத்துக்கொள்ளட்டும்.